பதினெட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியும் எண்ணூறு ரூபாய்ப் பெட்டியும்: சோழபுரத்து வீடியோ கேம் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

1995-ல் சேகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கன்சோல் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது. கொண்டுவந்தது ஷா வாலஸ். ஆமாம், மதுபானத்துக்குப் பேர்போன அதே ஷா வாலஸ்தான். இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம் அது. அந்த வரியில் அடிபடாமல் உள்ளே வரத்தான் சேகா ஓர் உள்ளூர்க் கம்பெனியோடு கைகோத்தது. அப்படி வந்தும் பெட்டியின் விலை 18,000 ரூபாய்.

நம்ம ஊரில் பெரிய தொகையை அளக்க எப்போதும் ஒரே அளவுகோல்தான், பவுன். அந்த வருஷத்துத் தங்க விலையை வைத்துப் பார்த்தால் 18,000 ரூபாய் என்பது ஏறக்குறைய அஞ்சு பவுன். அஞ்சு பவுனைக் கொடுத்து ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குகிற வீடு எந்த ஊரில் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. சோழபுரத்தில் இல்லை. பக்கத்து ராஜபாளையத்திலும் நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஆளையும் பார்த்ததில்லை.

(சோழபுரம் என்றதும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ கும்பகோணம் பக்கத்துச் சோழபுரத்துக்கோ போய்விடாதீர்கள். இது விருதுநகர் மாவட்டத்துச் சோழபுரம். ஒரு பக்கம் ராஜபாளையம் மில்லுகள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகள். கொஞ்சம் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர், அதையும் தாண்டினால் சிவகாசி. மேற்கே மலை.)

ஆனால் அதே தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் மூணு வீட்டில் வீடியோ கேம் இருந்தது. ஒன்று எங்கள் வீடு. விலை 800 ரூபாய். பதினெட்டாயிரத்துக்கும் எண்ணூறுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களின் வீடியோ கேம் வரலாறு முழுசும் கிடக்கிறது. "கையில கொஞ்சம் காசுதான் இருக்கு, எந்த கன்சோல் வாங்கலாம்?" என்ற கேள்வி இன்றைக்கு வந்த கேள்வி மாதிரித் தெரியும். இல்லை, முப்பது வருஷமாக வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டு வருகிற கேள்வி அது. ஒவ்வொரு பத்து வருஷத்திலும் அதற்கு வந்த பதில்தான் வேறு வேறு.

முதலில் அந்த எண்ணூறு ரூபாய்ப் பெட்டி.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கன்சோலை வெளியிட்டது. சுருக்கமாக ஃபேமிகாம். வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவெமுரா. விலை 14,800 யென். இதே பெட்டி அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் போனபோது, உள்ளே ஒரு பூட்டுச் சிப்பு சேர்ந்தது. கம்பெனியின் அனுமதி இல்லாத கேசட்டைச் செருகினால் ஓடாது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. ஆசியா முழுக்க நகல் எடுக்கப்பட்டது பூட்டு இல்லாத இந்தப் பெட்டிதான். தைவானில் யு.எம்.சி. கம்பெனி அதன் சிப்புகளுக்கு நகல் சிப்பு போட்டது. மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயரில் பெட்டிகள் கிளம்பின. ரஷ்யாவில் 1992-ல் டெண்டி வந்தது. சீனாவில் சுபோர் என்ற பெட்டிக்கு ஜாக்கி சான் விளம்பரத்தில் வந்தார். நம் பக்கம் மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். பிறகு பெயரே இல்லாத பெட்டிகளும், பிளேஸ்டேஷன் மாதிரியே வெளித்தோற்றம் வைத்து உள்ளே அதே பழைய ஃபேமிகாம் இருந்த பெட்டிகளும் வந்தன.

விலை எப்படி இவ்வளவு இறங்கியது? கன்சோல் முழுவதும் ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது. பழைய பெட்டி ஒன்று உடைந்து கிடந்தால் திறந்து பாருங்கள். பலகை நடுவில் ஒரு கறுப்புத் தார் சொட்டு மாதிரி இருக்கும். அவ்வளவுதான் கம்ப்யூட்டர். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக், ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு அடாப்டர், டி.வி.யின் ஆண்டெனா ஓட்டையில் செருகுகிற ஒயர். இந்தக் கடைசி ஐட்டம் முக்கியம். கறுப்பு வெள்ளையோ கலரோ, டயனோராவோ சாலிடேரோ, ஆண்டெனா ஓட்டை இல்லாத டி.வி. கிடையாது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானில் டி.வி. நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம் டி.வி. பால் முறை, நொடிக்கு 50. பழைய விளையாட்டுகள் ஒவ்வொரு திரைக்கும் ஓர் அடி என்று கணக்கு வைத்து ஓடுபவை. ஜப்பானியக் கேசட் நம் டி.வி.யில் கோளாறில்லாமல் ஓடுவதற்காக நகல் சிப்புக்காரர்கள் உள்ளே கொஞ்சம் நேரக்கணக்கை மாற்றி வைத்தார்கள். கேசட் ஓடியது, ஆனால் ஆறில் அஞ்சு பங்கு வேகத்தில். அதாவது சோழபுரத்தில் ஓடிய மரியோ, டோக்கியோவில் ஓடிய மரியோவைவிட மெதுவாக ஓடினார். பாட்டின் சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் தள்ளிப்போனது. இன்றைக்கு யூடியூபில் யாராவது அந்த விளையாட்டை ஆடிக் காட்டினால் "என்னடா இவ்வளவு அவசரம்" என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். பழைய கன்சோல்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டும் எமுலேட்டர்களில் இந்த வேகத்துக்கு 'டெண்டி' என்றே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள்.

கேசட் பக்கம் வருவோம். 'ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் கேம்' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது இருபதோ முப்பதோ. மற்றதெல்லாம் அதே விளையாட்டு, ஆரம்பிக்கிற கட்டம் மட்டும் வேறு. இது வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த விளையாட்டுகள் அந்த முப்பதில் இடம்பிடித்தன என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். பேட்டில் சிட்டி, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர் எல்லாம் இதே அளவில் அடங்குபவை. பெரிய விளையாட்டுகளுக்குக் கேசட்டுக்குள்ளேயே தனிச் சிப்பு வேண்டும், செலவு கூடும். ஆக, எண்பதுகளின் முதல் பாதியில் ஜப்பானில் வந்த சின்ன விளையாட்டுகள்தான் நம் தலைமுறையின் 'செவ்விலக்கியம்' ஆயின. நல்ல விளையாட்டு எது என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மலிவாக அடங்கியது எதுவோ அது நமக்கு வந்தது. காண்ட்ரா மட்டும் விதிவிலக்கு. அது தனிக் கேசட்டாக, விலை கூடுதலாக, தெருவுக்கு ஒன்று என்று இருந்தது. அது யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பையனுக்கு அந்த வருஷம் தனி மரியாதை.

(கேசட் ஓடவில்லை என்றால் எடுத்து ஊதுவோமே, அந்த ஊதலால் பயன் இல்லை. கழற்றித் திரும்பச் செருகியதில் பின்கள் சரியாகப் பதிந்ததுதான் வேலை செய்தது. எச்சில் ஈரம் பின்னை அரித்ததுதான் மிச்சம்.)

இப்போது பணம். எங்கள் அப்பா மில்லில் சைடர். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் நூல் அறுந்தால் முடிபோட்டு ஓட்டுகிற வேலை, மூணு ஷிப்டும் மாறி மாறி வரும். வருஷத்தில் ஒரு தடவைதான் வீட்டில் மொத்தமாகக் காசு புழங்கும், தீபாவளி போனஸ். 1965-ன் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அந்த ஒரு மாதச் சம்பளத்துக்குள் துணி, வெடி, பலகாரம், தங்கச்சி வீட்டுச் சீர், வட்டிக்கடை எல்லாம் வந்துவிடும். 1998 தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவும் அக்காவும் நானும் ராஜபாளையத்தில் ஒரு கடை வாசலில் நின்றோம்.

கடையில் ரெண்டு பெட்டி. ஒன்று 800 ரூபாய், சாதாரணப் பெட்டி. இன்னொன்று 1,400 ரூபாய், கீபோர்டு வைத்தது. டைப் அடிக்கலாம், சின்னதாக பேசிக் புரோகிராம் எழுதலாம். சீனாவில் சுபோர் விற்றதும் இந்தத் தந்திரத்தில்தான். விளையாட்டுப் பெட்டியைப் படிப்புப் பெட்டி என்று சொல்லி அப்பா அம்மாவிடம் விற்பது. மூலமான ஃபேமிகாமுக்கே 1984-ல் கீபோர்டும் பேசிக்கும் வந்திருந்தன, ஆக முழுப் பொய்யும் இல்லை.

கடைக்காரர் அப்பாவிடம், "அண்ணே, இதுல படிப்பும் இருக்குண்ணே. நாளைக்கு எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்றார். அப்பா கிட்டத்தட்டச் சரிந்துவிட்டார். அக்காதான் தடுத்தாள். அப்போது அவள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "அப்பா, டைப் அடிக்க இன்ஸ்டிட்யூட்ல மாசம் நாப்பது ரூவாதான் வாங்குறாங்க. இதுல அடிச்சா பேப்பர்ல வராது. எதுக்கு அறுநூறு ரூவா கூடக் குடுக்கணும்? அந்தக் காசுக்குக் கேசட் வாங்கலாம்."

பட்ஜெட்டுக்குள் கன்சோல் தேர்ந்தெடுப்பது பற்றி நான் இதுவரை படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. பெட்டிக்கு என்ன விலை என்று அவள் பார்க்கவில்லை. பெட்டியோடு சேர்த்து ஒரு வருஷம் விளையாட என்ன ஆகும், வேறெங்காவது மலிவாகக் கிடைக்கிற ஒன்றுக்கு இதில் ஏன் காசு கட்ட வேண்டும் என்று பார்த்தாள். தவிர, 60 பின் கேசட் தெருவில் மூணு வீட்டுக்கும் பொருந்தும். ஆளுக்கு ரெண்டு வாங்கினால் எல்லாருக்கும் ஆறு.

அவள் அவ்வளவு யோசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. அப்போது ராஜபாளையத்தில் ஏற்கெனவே மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விளையாட விடுகிற கடைகள் இருந்தன. நான் போகலாம், போனேன். அவள் போக முடியாது. பையன்கள் அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தச் சின்ன அறைக்குள் ஒரு பிளஸ் டூ படிக்கிற பெண் நுழைவதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் ஒரு பெட்டி வந்தால்தான் அவளுக்கு விளையாட்டு. எனக்கு அது வசதி, அவளுக்கு அது ஒரே வழி. லோட் ரன்னரில் எங்கள் தெருவில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு 'சித்தி' தொடங்குகிற வரைக்கும்தான் டி.வி. எங்கள் வசம். சித்தி முடிந்தால் தூக்கம்.

அடுத்த பத்து வருஷத்தில் கடைகள் மாறின. 2000-ல் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. இன்றுவரை அதிகம் விற்ற வீட்டுக் கன்சோல் அதுதான். அதில் டிவிடி படமும் ஓடும். ஜப்பானில்கூட முதலில் பலபேர் வாங்கியது அந்தக் காரணத்தால்தான். இங்கேயும் வசதியான வீட்டுப் பையன்கள் அப்பாக்களிடம் சொன்னது "டிவிடி பிளேயர் தனியா வாங்க வேண்டாம்ல" என்பதே. கடைகளில் இருந்த பெட்டிகளில் சிப்பு மாற்றி நகல் டிஸ்க் ஓட்டினார்கள். 2006 கடைசியில் வந்த இ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07, ரெஸ்லிங், வாகனம் ஓட்டுகிற கேம்கள், இவ்வளவுதான் கடையின் மெனு. சோனி 2009-ல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற கேமையும், கபடி, கில்லி, பம்பரம் எல்லாம் வைத்து 'தேசி அட்டா' என்ற கேமையும் இந்தப் பெட்டிக்கு வெளியிட்டது. 2013-ல் 'டான் 2' படத்தின் கேம் வரைக்கும் இந்தியாவில் அதன் கதை நீண்டது. உலகம் அதற்குள் அடுத்த தலைமுறைக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

போனது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். அன்றைய பவுன் கணக்கில் அஞ்சரைப் பவுன் போல. அடுத்த வருஷம் நூறு நாள் வேலைத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் அப்போது தினக்கூலி 80 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்தால் 8,000. ஆக ஒரு பெட்டி, அஞ்சு வருஷ நூறு நாள் வேலை.

சோழபுரத்தில் இந்த விலையை யாரும் விவாதிக்கவே இல்லை. ஏனென்றால் அந்தச் சமயத்தில் எங்கள் ஊருக்கு வேறு ஒரு பெட்டி இலவசமாகவே வந்துகொண்டிருந்தது.

2006 தேர்தல் வாக்குறுதிப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று முதல்வர் கருணாநிதி இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கினார். 14 அங்குல டி.வி. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இதைப் பற்றிப் பொருளாதாரக்காரர்களும் அரசியல்காரர்களும் எழுதியது ஏராளம். வீடியோ கேமோடு சேர்த்து யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் நடந்தது இது: ஏற்கெனவே டி.வி. இருந்த வீடுகளில் இலவச டி.வி. ரெண்டாவது டி.வி. ஆனது. சில வீட்டில் விற்றார்கள். சில வீட்டில் அது உள்ரூமுக்குப் போனது. உள்ரூமுக்குப் போன டி.வி.யின் பின்னால், பரணில் தூசி படிந்து கிடந்த எண்ணூறு ரூபாய்ப் பெட்டி வந்து ஒட்டிக்கொண்டது. சீரியல் ஹாலில், மரியோ உள்ரூமில். சண்டை தீர்ந்தது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் திருவிழாக் கடைகளில் அந்தப் பெட்டியின் இன்னும் மலிவான பேரன்கள் கிடைத்தன. 1983-ல் பிறந்த ஒரு ஜப்பானியக் கன்சோலுக்கு 2008 வாக்கில் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டாம் வாழ்வு கிடைத்ததென்றால், அதில் தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் வாதம்.

அந்த வாழ்வை முடித்து வைத்தது மின்வெட்டு. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள். சேமிக்கிற வசதி இல்லாத விளையாட்டில், ஏழாவது உலகத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் திரும்ப முதல் உலகம்தான். அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

சரியாக அந்த நேரத்தில் மூன்றாவது பெட்டி வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும். அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. படிப்புக்காகக் கொடுத்தது. படிக்கவும் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் இல்லாத சாயங்காலத்தில் ஊரிலேயே பேட்டரியோடு இருந்த ஒரே பெரிய திரை அதுதான். பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து ஆடிய அதே கிரிக்கெட் 07, அதே வைஸ் சிட்டி, பென் டிரைவில் ஒரு மடிக்கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. கேசட் மாற்றிக்கொண்ட தெருவில் இப்போது பென் டிரைவ். ராஜபாளையத்து மணிக்கணக்குக் கடைகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாகவும் மொபைல் சர்வீஸ் கடையாகவும் மாறின. இன்னொன்றும் நடந்தது. மடிக்கணினி பெண்பிள்ளைகளின் பெயரிலும் வந்தது. பெட்டி அவர்களுடையது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் அக்காவின் சின்ன நாத்தனார் ஒருத்தி, மொத்தக் குடும்பத்துக்கும் தெரியாமல் ஒரு முழு உலகக்கோப்பையை அதில் ஜெயித்தாள்.

இந்த மூன்று கட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. சோழபுரத்தில் யாரும் கன்சோல் என்று சொல்லிக் கன்சோல் வாங்கியதில்லை. கம்ப்யூட்டர் கற்கலாம் என்று வாங்கினார்கள், டிவிடி பார்க்கலாம் என்று வாங்கினார்கள், படிப்புக்கு வந்ததில் விளையாடினார்கள். காசுக்கு ஒரு பட்ஜெட் இருந்தது. அதைவிட இறுக்கமாக அனுமதிக்கு ஒரு பட்ஜெட் இருந்தது. கம்பெனிகளின் கணக்கோ நேர் எதிர். கன்சோலை அடக்க விலைக்கோ நஷ்டத்துக்கோ கொடுத்து, கேம் விற்று லாபம் பார்ப்பது அவர்கள் வழி. பெட்டிக்கே அஞ்சு பவுன் கேட்டு, அதற்குமேல் கேமுக்கும் விலை சொன்னால், கேம் இலவசமாகக் கைமாறுகிற பெட்டியைத்தான் ஊர் தேர்ந்தெடுக்கும். அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் முறைப்படி வாங்க ஒரு கதவு திறந்திருந்து, அதை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக நுழைந்தோம் என்பது சரித்திரமில்லை. கதவின் விலை 18,000.

2016-க்குப் பிறகு ஜியோ, மலிவு டேட்டா, பப்ஜி, 2020-ல் அதற்குத் தடை. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், தாண்டிப் போகிறேன்.

கன்சோல் விலைக்குத் திரும்பினால், அது இப்போது வேறு உயரத்தில் நிற்கிறது. 2014 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4 வந்தது 39,990-க்கு, பவுன் கணக்கில் ரெண்டுக்குள். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் வைத்தது 49,990, டிஸ்க் இல்லாதது 39,990. ஒண்ணரைப் பவுனுக்குள். கன்சோல் மலிவாகிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிடக்கூடாது, ஓடியது தங்கம். நடுவில் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கன்சோலுக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 பட்ஜெட்டில் சுங்கவரியை 10-லிருந்து 20 ஆக்கினார்கள், 2019-ல் ஜி.எஸ்.டி. 18-க்கு இறங்கியது. 1995-ன் 80 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லைதான்.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனிங் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. "மாமா, இருபத்தஞ்சாயிரம் சேத்து வெச்சிருக்கேன். எனக்கே எனக்குன்னு ஒரு கன்சோல் வாங்கப் போறேன். எதுன்னு சொல்லுங்க." கவனியுங்கள், டிவிடி பார்க்கலாம், படிக்கலாம் என்று எந்தச் சாக்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். அனுமதி பட்ஜெட் இல்லாத பட்ஜெட்.

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். வீட்டில் இருப்பது 32 அங்குல டி.வி., முழு எச்.டி. கூடக் கிடையாது. புதிய தலைமுறைப் பெட்டி தருகிற 4கே படத்தை அதில் பார்க்க முடியாது. அதற்குக் காசு கொடுப்பது வீண். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020-ல் வந்தபோது 34,990, டிஸ்க் கிடையாது, எல்லாமே டவுன்லோடு, மாதச் சந்தா கட்டினால் நிறைய கேம். நல்ல யோசனைதான், வீட்டில் நல்ல பிராட்பேண்டு இருந்தால். பெரிய கேம் ஒன்று 100 ஜி.பி. வரை போகிறது. அவள் வீட்டில் இருப்பது நாளைக்கு ஒண்ணரை ஜி.பி. தருகிற மொபைல் டேட்டா. ஒரு கேம் இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் யூடியூப் பார்க்காமல் இருந்தால். மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால், பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வாட்ஸ் வரை இழுக்கும். பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம் அதில் பாதிகூட இழுக்காது.

கடைசியாக டிஸ்க். பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனியின் பெரிய கேம் ஒன்றின் விலை 4,999. டவுன்லோடு கேமை ஆடி முடித்தால் முடிந்தது. டிஸ்க் என்றால் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் மதுரை, சென்னைப் பழைய கேம் கடைகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதனால் டிஸ்க் டிரைவ் உள்ள பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், கையில் எடுத்து, ஒரு டிஸ்க் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, ஃபேன் சத்தம் கேட்டு, டிஸ்க் சிக்காமல் வெளியே வருகிறதா என்று பார்த்து வாங்குவது. மிச்சக் காசுக்கு டிஸ்க். அறுநூறு ரூபாய்க்குக் கேசட் வாங்கச் சொன்ன அவள் அம்மாவின் கணக்கேதான், விலை மட்டும் வேறு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனைப் பிடுங்கி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அதுல ரெண்டு ரிமோட் உண்டாலே?"

இல்லை. பழைய எண்ணூறு ரூபாய்ப் பெட்டியில் ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்தே வந்தது. இப்போதைய கன்சோல்களில் பெட்டிக்குள் ஒன்றுதான் இருக்கும், ரெண்டாவதைத் தனியாக வாங்க வேண்டும். இருபத்தஞ்சாயிரத்தில் அதற்கும் ஒதுக்கி, வாங்க நினைத்த டிஸ்க்குகளில் ஒன்றைக் குறைத்துவிட்டோம்.